கடைசி மூன்று நிமிடம்: தியேட்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும்,

படம் முடிவதற்கு முன்பே கதவைத் திறக்கிறீர்கள், விளக்கைப் போடுகிறீர்கள். இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு நானும் மனைவியும் மகளும் போயிருந்தோம். சஸ்பென்ஸ் படம். பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்காதவர்கள் பார்க்கட்டும். தியேட்டர் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் "நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை" என்று இருந்துவிடுவீர்கள்.

கொலைகாரன் பிடிபட்டான். போலீஸ் ஜீப் கிளம்பியது. பின்னணி இசை மெல்ல அடங்கியது. உடனே திரைக்கு வலது பக்கம் இருந்த கதவு படீரென்று திறந்தது. வராந்தாவின் ட்யூப்லைட் வெளிச்சம் அப்படியே திரையில் பாதியைக் கழுவிக்கொண்டு போனது. அடுத்த பத்து விநாடிக்குள் உள்ளே இருந்த விளக்குகளும் எரிந்தன. ஜனம் எழுந்துவிட்டது. ஆனால் திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு பெண் பீரோவைத் திறந்து எதையோ வெளியே எடுக்கிறாள். எனக்கு முன்வரிசையில் இருந்தவர் தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். அவள் எடுத்தது என்ன என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் நகர்ந்தபோது பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

ஓரத்து இருக்கையில் இருந்த என் மகள் மட்டும் பாதி பார்த்திருக்கிறாள். "அப்பா, அவ கையில இருந்தது..." என்று ஆரம்பித்தாள். மனைவி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "வாயைத் திறந்தேன்னா பாரு, நான் மறுபடி வந்து பார்த்துக்கிறேன்" என்றாள்.

மேலாளரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன பதில்தான் வீட்டுக்கு வந்த பிறகும் என்னைத் தூங்கவிடவில்லை. "கிளைமாக்ஸ்தான் முடிஞ்சிருச்சே சார். அதுக்கப்புறம் ரெண்டு மூணு நிமிஷம்தானே."

அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகத்தான் ஐயா நாங்கள் வந்ததே.

இந்த மாதிரிப் படம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஒரு கதையைச் சொல்லி, அது முடிந்துவிட்டது என்று நம்மை நம்பவைத்து, நாம் செருப்பைக் காலால் துழாவ ஆரம்பிக்கும் நேரத்தில்தான் அது நிஜக் கதையைச் சொல்லும். முடிந்ததுபோல் பாசாங்கு செய்வதுதான் அதன் தொழில். அந்தப் பாசாங்கில் ஏமாறுவதற்கென்றே பணம் கொடுத்து வந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு முன்னால் நீங்கள் ஏமாந்துபோய் விளக்கைப் போட்டால் எப்படி?

உண்மையில் நீங்கள் ஏமாறுவதும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு காட்சி என்றால் வாரத்துக்கு 28 காட்சி. கதவருகே நிற்கும் பையனுக்கு அந்தப் படம் மனப்பாடம். ஆகவே அவன் தாழ்ப்பாளில் கை வைக்கும் சத்தம் கேட்டாலே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது, இன்னும் மூன்று நிமிடம்தான் பாக்கி என்று. இனி ஏதோ ஒன்று வரப்போகிறது, அது சின்னதாகத்தான் இருக்கும், அதோடு முடிந்தது என்பதையும் ஊகித்துவிடலாம். படத்தின் முடிவைப் போட்டு உடைப்பவர்கள் என்று யூடியூப்காரர்களைத் திட்டுகிறோம். முதல் காட்சியிலேயே உடைப்பது உங்கள் தாழ்ப்பாள்.

எனக்கு இது முதல் தடவை இல்லை. 'பீட்சா' 2012-இல் வந்தபோது, கதை முடிந்து நாயகன் வழக்கமான ஒரு டெலிவரிக்குக் கிளம்பும் இடத்தில் எங்கள் வரிசையே எழுந்து நின்றது. கதவு திறந்திருந்தது, வேறென்ன செய்வார்கள்? அதற்கப்புறம் வரும் காட்சியைச் சில வருடம் கழித்துத் தொலைக்காட்சியில்தான் ஒழுங்காகப் பார்த்தேன். 2016 கடைசியில் வந்த 'துருவங்கள் பதினாறு' பாட்டே இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் படம். முன்னும் பின்னுமாகப் போட்டுவைத்த முடிச்சையெல்லாம் கடைசியில்தான் அவிழ்ப்பார்கள். அதிலும் இதே கூத்துதான்.

ஆனால் என்னால் மன்னிக்க முடியாதது 'பாபநாசம்'.

2015 ஜூலை. அப்பா இறந்த பிறகு அம்மா தியேட்டர் பக்கமே வந்ததில்லை. அம்மாவுக்கு அம்பாசமுத்திரம். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயரில் ஒரு படம், அதில் கமல்ஹாசன் எங்கள் பேச்சைப் பேசுகிறார் என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். படம் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் என் கையைத் தட்டி, "ஏல, நம்ம ஊருக்காரன் மாதிரில்லா பேசுதான்" என்றாள். இடைவேளைக்கு வெளியே வரமாட்டேன் என்றுவிட்டாள். இருக்கையை யாராவது பிடித்துவிடுவார்களாம்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்குக் கடைசி ஷாட் என்ன என்று தெரியும். மலையாளத்தில் 2013-இல் வந்த 'த்ரிஷ்யம்' படத்தையே ஜீத்து ஜோசப் தமிழில் எடுத்தார், இரண்டிலும் முடிவு அதேதான். நம் மனதில் வெகுநேரமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்விக்கு அந்த ஷாட்டில்தான் பதில். இத்தனைக்கும் அது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்கக்கூடிய ஷாட்டே இல்லை. கவனமாகப் பார்க்கவேண்டும், பார்த்ததும் மூன்று விநாடி யோசிக்கவேண்டும், அப்புறம்தான் மூளைக்குள் மணி அடிக்கும்.

அம்மா எதையும் பார்க்கவில்லை. அம்மா குள்ளம். முன்னால் இருந்தவர்கள் எழுந்து பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். அவளும் எழுந்து எக்கிப் பார்த்தாள். "என்னல ஆச்சு? கடைசில என்னல காட்டுனான்?"

பைக் ஸ்டாண்டில், டோக்கனைத் தேடிக்கொண்டே நான் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓ, அப்படியா" என்றாள். அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று சொன்னாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எத்தனையோ வருடம் கழித்துத் தியேட்டருக்கு வந்தவள் நெஞ்சில் கைவைத்து "ஆத்தி" என்று சொல்லியிருக்கவேண்டிய இடம் அது. அதை நான் என் வாயால் கெடுத்தேன். கெடுக்கவைத்தது உங்கள் கதவு.

எங்கள் சித்தப்பா எழுபதுகளில் ஆபரேட்டராக இருந்தவர். புரொஜெக்டர் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய காலம். ரீல் முடியப்போகும்போது திரையின் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். அதைப் பார்த்து அடுத்த மெஷினுக்கு மாற்றவேண்டும். அவர் தியேட்டரில் 'புதிய பறவை'யைத் திரும்பத் திரும்பப் போடுவார்களாம். சிவாஜிக்காகக் கூட்டம் வரும், சௌகார் ஜானகிக்காகவும் வரும். அந்தப் படத்தின் முடிவு இன்றைக்குப் பாதித் தமிழ்நாட்டுக்குத் தெரியும். இருந்தாலும் நான் இங்கே எழுதமாட்டேன், தெரியாத மீதிப் பாதிக்காக. சித்தப்பா சொல்வார்: "கடைசி ரீல்ல நான் படத்தைப் பார்க்கமாட்டேன்டா. கேபின் ஓட்டை வழியா ஜனங்க முதுகைப் பார்ப்பேன். சாய்ஞ்சு உட்கார்ந்திருந்த முதுகெல்லாம் ஒண்ணா நிமிரும்." அதைப் பார்ப்பதற்காகவே அந்த நேரத்தில் பீடி பற்றவைக்க வெளியே போகமாட்டாராம். கடைசி ரீலில் கதவைத் திறந்த கேட்கீப்பரை மேலேயிருந்தே கத்தி விரட்டியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் படங்களில் ஒரு வசதி இருந்தது. 'சுபம்' என்று எழுத்து வரும், இல்லையென்றால் 'வணக்கம்' வரும். அது வந்தால் முடிந்தது. கதவருகே நிற்பவர் எதையும் ஊகிக்கவேண்டியதில்லை. இப்போது அந்த எழுத்து போய்விட்டது, ஆகவே உங்கள் ஆட்கள் குத்துமதிப்பாகத் திறக்கிறார்கள் என்று ஒருவேளை சொல்வீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டிஜிட்டல் புரொஜெக்டர் பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு விளக்கிய பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. இப்போது படம் சர்வரில் கோப்பாக இருக்கிறது. விளம்பரம், ட்ரெய்லர், படம் எல்லாவற்றையும் ஒரு ப்ளேலிஸ்ட்டாக அடுக்குகிறார்கள். எந்த நொடியில் விளக்கு அணையவேண்டும், எந்த நொடியில் எரியவேண்டும் என்பதையும் அதிலேயே க்யூவாக, அதாவது தானாக நடக்கும் கட்டளையாக, போட்டுவைக்கலாம். எந்த ஃப்ரேமில் எண்ட் கிரெடிட் தொடங்குகிறது என்று படக் கோப்பிலேயே குறித்து அனுப்பவும் வழி இருக்கிறது. அதாவது விளக்கு எரிவது பல இடங்களில் யாருடைய அவசரமும் இல்லை, யாரோ ஒரு நேரத்தைத் தட்டிவைத்திருக்கிறார்கள், அவ்வளவே. அந்த எண்ணை மாற்ற ஒரு நிமிடம் ஆகும். ஒரு படத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும்.

சட்டம் பேச வரவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். ஒவ்வொரு படத்துக்கு முன்பும் சென்சார் சான்றிதழ் காட்டுகிறீர்கள், அதில் படம் எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கிறது. சான்றிதழ் வாங்கிய படத்தில் ஒரு காட்சியை வெட்டி ஓட்டினால் 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி குற்றம். அதே காட்சியை விளக்கைப் போட்டு வெளுத்துவிட்டால் குற்றமில்லை போலிருக்கிறது.

படத்தின் ரகசியத்தைக் காக்கும் வேலையை வெளிநாட்டில் செய்யச்சொல்லிக் கேட்டது உங்களைப் போன்ற தியேட்டர்காரர்களைத்தான். 1960-இல் ஹிட்ச்காக் 'சைக்கோ'வை வெளியிட்டபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று நிபந்தனை போட்டார். அவர் கைக்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டி நிற்கும் போஸ்டர்களைத் தியேட்டர்களில் வைத்தார்கள். அதற்கு ஐந்து வருடம் முன்பு பிரெஞ்சில் வந்த 'லே டியபோலிக்' படம், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிக் கெடுக்காதீர்கள் என்ற வேண்டுகோளோடுதான் முடியும். எனக்கு மிகப் பிடித்தது பில்லி வைல்டரின் 'விட்னஸ் ஃபார் த பிராசிக்யூஷன்', 1957. அகதா கிறிஸ்டியின் கதை. படம் முடிந்ததும் ஒரு குரல் வரும், இன்னும் பார்க்காத உங்கள் நண்பர்களின் மகிழ்ச்சிக்காக முடிவின் ரகசியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று. அந்தக் குரல் யார் பெயரால் பேசுகிறது தெரியுமா? இயக்குநர் பெயரால் இல்லை, கதாசிரியர் பெயரால் இல்லை. "இந்தத் திரையரங்கின் நிர்வாகம்" என்றுதான் தொடங்கும். ரகசியத்தைக் காக்கும் உரிமையும் கடமையும் நிர்வாகத்துக்குத்தான் என்று அன்றைக்கு ஊருக்கே தெரிந்திருக்கிறது.

நம்மிடமும் இது புதிது இல்லை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' 1954-இல் வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடக்கும் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் செத்துவிடுவார். சுட்டது யார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, கடைசியில்தான் தெரியும். பாட்டே இல்லாத படத்துக்கு எழுபது வருடம் முன்பே வந்து உட்கார்ந்த ஊர் இது. எங்களுக்குப் பொறுமை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சரி, உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு காட்சிக்கு நடுவில் இருபது நிமிடம்தான். அதற்குள் ஒரு கூட்டத்தை வெளியே அனுப்பி, சிந்திய பாப்கார்னைப் பெருக்கி, அடுத்த கூட்டத்தை உட்காரவைக்கவேண்டும். பைக் ஸ்டாண்டில் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டால் வெளியே சாலையே நின்றுவிடும். துடைப்பத்தோடு கதவுக்கு வெளியே காத்திருக்கும் அம்மாக்களுக்கும் கடைசி பஸ் இருக்கிறது. எல்லாம் புரிகிறது. ஆனால் அந்த இருபது நிமிடம், விளம்பரங்கள் இன்னும் இரண்டு கூடினால் பதினெட்டு ஆகிறதே, அது மட்டும் எப்படி முடிகிறது? படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் ஜவுளிக்கடையும் நகைக்கடையும் பார்த்தோம். அதில் மூன்று நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்.

ஜனமே எழுந்து போகிறது, நாங்கள் என்ன செய்வது என்று அந்த மேலாளரும் கேட்டார். எது முதலில் நடக்கிறது என்று நின்று பாருங்கள் என்றேன். கதவு திறக்கிறது, அப்புறம்தான் எழுகிறார்கள். 'விக்ரம்' படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் சூர்யா வருவார் என்று தெரிந்த பிறகு எந்தத் தியேட்டரிலாவது அதற்கு முன் விளக்கைப் போட்டீர்களா? போட்டிருந்தால் திரை மிஞ்சியிருக்காது. மார்வெல் படங்களுக்குப் பெயர்களெல்லாம் ஓடி முடியும்வரை பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அதற்கு நீங்களும் காத்திருக்கிறீர்கள். ஆக உங்களால் முடியும். நட்சத்திரத்துக்கும் அமெரிக்காக்காரனுக்கும் கொடுக்கும் மூன்று நிமிடத்தை, முதல் படம் எடுத்துவிட்டு வயிற்றைக் கலக்கிக்கொண்டு பின்வரிசையில் நிற்கும் நம் ஊர்ப் பையனுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடாது. கதவைப் பூட்டிவைக்கச் சொல்லவில்லை. 1997 ஜூன் 13-ஆம் தேதி டெல்லி உப்ஹார் தியேட்டர் தீயில் 59 பேர் செத்துப்போனதை மறந்துவிட்டு யாரும் அப்படிக் கேட்கமுடியாது. உள்ளேயிருந்து தள்ளினால் எந்த நேரமும் திறக்கவேண்டும். வெளியேயிருந்து நீங்கள் திறந்துவைக்காமல் இருந்தால் போதும். படிக்கட்டில் இருக்கும் சின்ன விளக்குகளும் சிவப்பு 'வெளியே' பலகையும் எரியட்டும், அவை எங்களை உறுத்தியதே இல்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். விளக்குக்கான க்யூவைக் கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடத்தொடங்கிய பிறகு வையுங்கள். புதுப் படம் வந்ததும் வியாழக்கிழமையோ வெள்ளிக்கிழமை காலையோ ஒருவர் உட்கார்ந்து அந்த நேரத்தைச் சரிபார்க்கட்டும், பெயர்களுக்கு நடுவிலும் காட்சி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளட்டும். கதவருகே நிற்கும் தம்பிகளிடம் விளக்கு எரிந்த பிறகுதான் தாழ்ப்பாளைத் தொடவேண்டும் என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சித்தப்பாவைப் போல அவர்களுக்கும் அந்த முதுகுகளைப் பார்க்கக் கொடுத்துவைக்கட்டும். இடைவேளையில் ஒரு ஸ்லைடு போடுங்கள், வெளியே போய் முடிவைச் சொல்லாதீர்கள், செல்போனில் பிடிக்காதீர்கள் என்று. உங்கள் நிர்வாகத்தின் பெயரிலேயே போடுங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் வேண்டுமென்றால் காட்சி நேரத்தைத் தள்ளிவையுங்கள், இரண்டரை மணிக் காட்சி 2.35-க்குத் தொடங்கினால் நாங்கள் 2.35-க்கு வருகிறோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே தியேட்டரில் அதே மாலைக் காட்சிக்கு மறுபடி மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை மகள் வரவில்லை, அம்மா வருகிறாள். எச் வரிசை. அந்தப் பெண் பீரோவிலிருந்து என்ன எடுத்தாள் என்று மகள் இன்னும் எங்களிடம் சொல்லவில்லை. அவள் காத்துவைத்திருக்கிறாள். ஞாயிறு இரவு 9 மணிவரை நீங்களும் காத்துவையுங்கள்.

இப்படிக்கு,
வலது பக்கக் கதவுக்கு நேர் எதிரே உட்காரும் ஒரு ரசிகன்